கொமோட் மாற்றப் போகிறீர்களா? கழிவுப் பைப் பிட்டிங்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் பழைய கழிப்பறையைத் திருத்தப் போகிறவர்கள் ஹாட்வெயாரில் முதலில் பார்ப்பது கொமோட்டின் வடிவத்தையும் டைல்ஸின் நிறத்தையும்தான். தரைக்குக் கீழே போகும் பெண்ட், டீ, கொலர் பற்றிய பேச்சு, மேசன் கிடங்கை வெட்டிவிட்டு "ஒரு நாலு இஞ்சி எல்போ வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லும்போதுதான் வருகிறது. பிறகு அடைப்பு, நாற்றம், கசிவு என்று தொல்லை கொடுப்பது அந்த அவசரத்தில் வாங்கிய சாமான்தான். நகரத்திலும் உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலும் வீட்டுக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கடைக்குப் போக முன்னர் வீட்டில் எதை எதை அளக்க வேண்டும்?

கழிவு எந்தப் பக்கத்தால் வெளியேறுகிறது என்று முதலில் பாருங்கள். கொமோட்டின் வாய் நேரே தரைக்குள் இறங்கினால் அது எஸ் டிராப். பின்னால் சுவருக்குள் போனால் பி டிராப். இது தெரியாமல் கொமோட் வாங்கினால், தரையையோ சுவரையோ புதிதாக உடைக்க வேண்டி வரும்.

எஸ் டிராப் என்றால் பின்சுவரிலிருந்து பைப்பின் நடு வரை உள்ள தூரம் வேண்டும். கடைகளில் இருக்கும் பல கொமோட்டுகள் 12 இஞ்சித் தூரத்துக்கு, அதாவது 300 மி.மீ.க்குச் செய்தவை. 9, 10 இஞ்சிக்குச் செய்தவையும் கிடைக்கின்றன. இந்தத் தூரத்தை வெறும் கல்சுவரிலிருந்து அளக்காதீர்கள். பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஒரு இஞ்சி அளவுக்குத் தின்றுவிடும். டைல்ஸ் ஒட்டி முடிந்த பிறகு சுவர் எங்கே நிற்குமோ அங்கிருந்துதான் கணக்கு. பி டிராப்புக்கு, முடிந்த தரையிலிருந்து வாயின் நடு வரை உள்ள உயரம் முக்கியம். வழக்கமான அளவு 180 மி.மீ. பழைய டைல்ஸுக்கு மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் தரை உயர்ந்துவிடும், அந்த 180 குறைந்துவிடும். இதை யோசிக்காமல் வேலை தொடங்கியவர்கள் பலர்.

மூன்றாவது, தரைக்குள் இருக்கும் பைப்பின் வெளி விட்டம். கிடங்குக்குள் ரேப்பை வைத்துக் குறுக்காக அளப்பது சிரமம். ஒரு நூலைப் பைப்பைச் சுற்றிப் பிடித்து அதை அளந்து பாருங்கள். சுற்றளவு 34 அரை சென்றிமீற்றர் வந்தால் அது 110 மி.மீ. பைப், நாங்கள் நாலு இஞ்சி என்று சொல்வது. 28க்குக் கொஞ்சம் மேல் வந்தால் 90 மி.மீ., அதாவது மூன்று இஞ்சி. இரண்டிலும் சேராத ஓர் அளவு வந்தால் அது பெரும்பாலும் பழைய மண் பைப்போ இரும்புப் பைப்போதான். அதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

கேள்வி: தண்ணீர் லைனுக்குப் போடும் எல்போவும் கழிவுக்குப் போடும் பெண்டும் ஒரே பைப்பில்தானே ஏறுகின்றன? எதைப் போட்டால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதென்றால் இதை வையுங்கள். இரண்டும் 110 பைப்பில் இறுக்கமாக ஏறும், நிறமும் ஒன்றாக இருக்கும். ஆனால் செய்த நோக்கம் வேறு. தண்ணீர் லைனின் எல்போ அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்தது. அதன் உள் மூலை கூராக, சட்டென்று மடங்கியிருக்கும். சுத்தமான தண்ணீர் பைப்பை நிறைத்துக்கொண்டு அழுத்தத்தோடு ஓடுவதால் அந்த மூலை அதற்கு ஒரு பொருட்டில்லை. கழிவு அப்படி ஓடாது. பைப்பின் அடிப்பாகத்தில், தன் பாரத்தில் சரிந்து போகும். கூரான மூலையில் தண்ணீர் மோதித் தெறிக்க, கூட வந்த திண்மம் அங்கேயே தங்கிவிடும். அதன் மேல் கடதாசி படியும், அப்புறம் அடைப்புத்தான்.

கடையில் இரண்டையும் கேட்டு வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். விரலை உள்ளே விட்டு வளைவின் உட்பக்கத்தைத் தடவினால் எல்போவில் ஒரு விளிம்பு தட்டுப்படும். கழிவுக்கென்று செய்த பெண்டில் விரல் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போகும். பைப் சொருகும் இடத்தையும் பாருங்கள்: நல்ல கழிவுப் பிட்டிங்கில், பைப் முழுதாக உட்கார்ந்ததும் பைப்பின் உட்சுவரும் பிட்டிங்கின் உட்சுவரும் ஒரே மட்டத்துக்கு வரும். படி மாதிரி ஏறி இறங்கக்கூடாது.

90 பாகை திரும்ப வேண்டிய இடத்தில், இடம் இருந்தால் ஒற்றைப் பெண்டுக்குப் பதிலாக 45 பாகைப் பெண்ட் இரண்டைப் போடுங்கள். மேல்மாடியிலிருந்து இறங்கும் பைப் நிலத்தில் படுக்கும் இடத்தில் இதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற கழிவு முழு வேகத்தோடு மோதுகிற இடம் அது.

கேள்வி: டீ (T வடிவம்) போடுவதா, வை (Y வடிவம்) போடுவதா?

படுத்திருக்கும் பைப்போடு இன்னொரு படுத்த பைப்பைச் சேர்ப்பதென்றால் வை. அதோடு ஒரு 45 பெண்ட். வையின் கை கழிவு ஓடும் திசையைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பி வைத்தால் டீயை விட மோசம். நிற்கும் பைப்புக்குள் பக்கவாட்டிலிருந்து சேர்ப்பதென்றால் டீ போடலாம், ஆனால் கை கீழ்நோக்கி வளைந்து இறங்குகிற கழிவு டீயாக இருக்க வேண்டும். நேர்டீ காற்றுக் குழாய்க்கு மட்டும் போதும்.

மாடியில் இரண்டு கழிப்பறைகள் முதுகோடு முதுகாக இருந்தால், ஒரே உயரத்தில் இரண்டு கைகளும் நேரெதிராக வரும் இரட்டை டீயைத் தவிருங்கள். ஒரு பக்கம் ஃப்ளஷ் பண்ணும்போது மறுபக்கக் கொமோட்டில் தண்ணீர் குமிழி விடுவது இதனால்தான். ஒன்றை ஓரடி மேலே, ஒன்றைக் கீழே என்று வைத்தால் தொல்லை இல்லை.

கேள்வி: டைப் 400, 600, 1000 என்று எழுதியிருக்கிறதே, கழிவுக்கு எது?

அந்த எண் பைப் தாங்கும் அழுத்தத்தைக் கிலோபஸ்காலில் சொல்வது. கழிவு லைனில் அழுத்தம் இல்லை. அங்கே எண் ஏன் முக்கியமென்றால், எண் கூடக் கூடச் சுவர் தடிக்கும். தரைக்குக் கீழே மண் பாரமும் ஆள் நடமாட்டமும் இருப்பதால் 600 போடுங்கள். முச்சக்கர வண்டியோ காரோ ஏறும் முற்றத்துக்குக் கீழே போனால் ஆழமாகத் தாட்டு, சுற்றிவர மணல் போட வேண்டும். கற்கள் பைப்பில் முட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. மெல்லிய பைப்பைக் காற்றுக் குழாய்க்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வாட்டம் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

110 பைப்புக்கு 40க்கு 1 முதல் 60க்கு 1 வரை. கணக்கு வேண்டாம் என்றால் நாலடிக்கு ஒரு இஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும். நாலடி நீளமான நேர்க்கட்டை ஒன்றின் ஒரு நுனிக்குக் கீழே ஒரு இஞ்சித் தடிப்பில் ஒரு துண்டை ஆணி அடித்து விடுங்கள். அந்த நுனி கழிவு போகும் பக்கம் இருக்கும்படி கட்டையைப் பைப் மேல் வைத்து, ரசமட்டத்தைக் கட்டைமேல் வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் வாட்டம் சரி. ஒவ்வொரு நாலடிக்கும் இப்படிப் பார்க்க வேண்டும். மொத்த இறக்கம் சரியாக இருந்தும் நடுவில் ஓரிடம் தொங்கிப்போனால் அங்கே தண்ணீர் தேங்கி ஊத்தை படியும்.

உவர்மலை போன்ற மேட்டு நிலங்களில் பிரச்சினை வேறு. அங்கே கல், வெட்டுவது கஷ்டம், குழியோ பத்தடி கீழே. பைப்பை மலைச்சரிவோடு அப்படியே சாய்த்துவிடத் தோன்றும். அதை விட, சாதாரண வாட்டத்தில் கொண்டுபோய், ஓரிடத்தில் இரண்டு 45 பெண்டுகளோடு செங்குத்தாக இறக்கி, கீழே மீண்டும் சாதாரண வாட்டத்துக்குக் கொண்டுவருவது நல்லது. இறங்கும் இடத்தின் தலையில் திறந்து பார்க்க ஒரு வாய் வையுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரைப் பக்கம். நிலம் தட்டை, வாட்டம் கிடைக்கவில்லை. மாரியில் கொமோட்டில் தண்ணீர் மேலே வருகிறது. ஏதாவது வால்வு போட்டால் சரியாகுமா?

உப்புவெளி, நிலாவெளி மணலில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் இன்னும் ஏறும். ஊறுகுழிக்குள் தண்ணீர் போவதற்குப் பதிலாக வெளித்தண்ணீர் உள்ளே வருகிறது. செப்டிக் டாங்க் நிரம்பி, பைப் வழியே வீட்டுக்குத் திரும்புகிறது. கிண்ணியா, மூதூர் போன்ற இடங்களில் களப்புக்குப் பக்கத்து வீடுகளிலும் இதே கதைதான்.

தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு ஒன்றை டாங்குக்கு முன்னால் போட்டால் வெளித்தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கலாம். ஆனால் அது மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுக் கழிவும் வெளியே போகாது. அதனால் அது ஒரு காவல், தீர்வாகாது. போடுவதென்றால் திறந்து துப்புரவாக்கக்கூடிய சிறு கிடங்குக்குள் போடுங்கள். மண்ணுக்குள் தாட்டுவிட்டால் ஒரு கடதாசித் துண்டு சிக்கியதும் அதுவே அடைப்பாகிவிடும்.

உண்மையான தீர்வு உயரம்தான். கழிப்பறையை எப்படியும் உடைக்கிறீர்கள். தரையை ஒரு படி, முடிந்தால் இரண்டு படி உயர்த்துங்கள். உயர்த்தினால் வாட்டமும் கிடைக்கும், டாங்கின் வாயையும் மேலே கொண்டுவரலாம். வாட்டம் போதவில்லை என்று பைப்பை மூன்று இஞ்சியாகக் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். கழிவு லைன் போகப் போகப் பெருக்கலாம், சிறுக்கக்கூடாது.

ஊறுகுழியை இடம் மாற்றுவதென்றால் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கிணற்றை மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கிணற்றையும். மணலில் கழிவுநீர் வேகமாக நகரும். 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. செப்டிக் டாங்குக்கு எஸ்.எல்.எஸ். 745 என்ற இலங்கைத் தரம் இருக்கிறது. வேலைக்கு முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்னொன்று: பிளாஸ்டிக் டாங்க் வைத்திருப்பவர்கள், நிலம் தண்ணீரில் ஊறிக்கிடக்கும்போது கலி பவுசரைக் கூப்பிட்டு முழுதாக இறைக்க வேண்டாம். வெறும் டாங்கைக் கீழிருக்கும் தண்ணீர் மேலே தள்ளிவிடும், பொருத்திய பைப்புகள் எல்லாம் உடையும்.

கேள்வி: குந்தும் பானை எடுத்துவிட்டுக் கொமோட் வைக்கிறோம். பழைய பைப்பிலேயே பொருத்தலாமா?

பொருத்தலாம், ஆனால் பானுக்குக் கீழே இருக்கும் பழைய டிராப்பை, அதாவது நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவை, கட்டாயம் கழற்ற வேண்டும். கொமோட்டுக்குள்ளேயே ஒரு டிராப் இருக்கிறது. கீழே இன்னொன்று இருந்தால் இரண்டு தண்ணீர்ப் பூட்டுகளுக்கும் நடுவில் காற்று அடைபட்டு, ஃப்ளஷ் பண்ணினால் தண்ணீர் உயர்ந்து நின்று மெதுவாக இறங்கும். கொமோட் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பவர்களில் பலருக்கு உண்மையில் இதுதான் காரணம். டிராப்பை எடுக்கத் தரையை ஆழமாக உடைக்க வேண்டும் என்பதால் சில மேசன்மார் அப்படியே விட்டுவிடப் பார்ப்பார்கள். தரையை மூட முன்னர் நீங்களே போய்ப் பாருங்கள்.

கேள்வி: பழைய வீடு. தரைக்குள் மண் பைப் இருக்கிறது. பி.வி.சி.யை எப்படி இணைப்பது?

சீமெந்தால் பூசி இணைப்பதுதான் எங்கும் நடக்கிறது. வழுவழுப்பான பி.வி.சி.யில் சீமெந்து பிடிக்காது. சில காலத்தில் சுற்றிவர நூல்போல ஒரு வெடிப்பு விழும். அது போதும், மரவேர் உள்ளே வர. இதற்கென்றே றப்பர் கப்ளிங் இருக்கிறது: இரண்டு பக்கமும் வெவ்வேறு விட்டத்துக்குப் பொருந்தும், மேலே உருக்குப் பட்டி இறுக்கப்படும். இரண்டு பைப்புகளின் வெளி விட்டத்தையும் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். பட்டி துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் சாதாரண இரும்புப் பட்டி சீக்கிரம் பொரிந்து போகும். கொமோட்டைத் தரையோடு பிடிக்கும் திருகாணிக்கும் இதே பேச்சுத்தான்.

சாம்பல் நிறத்தில் சீமெந்துபோல இருக்கும் பழைய பைப் அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். கிரைண்டர் வைத்து உலர்ந்தபடி வெட்டாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. இயன்றவரை இணைப்பில் கழற்றிவிடுங்கள். வெட்டத்தான் வேண்டுமென்றால் நனைத்து, கைவாளால்.

கேள்வி: கொமோட்டைத் தரையில் சீமெந்து வைத்து உட்கார வைப்பது சரியா?

சரியில்லை. சீமெந்து இறுகும்போது பீங்கானில் வெடிப்பு வரலாம். பிறகொரு நாள் கழற்ற வேண்டி வந்தால் கொமோட் உடைந்தால்தான் வரும். வாய்க்கு றப்பர் கொலர், அடிக்குத் திருகாணி, சுற்றிவரச் சிலிக்கன், அவ்வளவும் போதும். பின்பக்கம் சிறிய இடைவெளி ஒன்றைச் சிலிக்கன் போடாமல் விடுங்கள். உள்ளே கசிந்தால் அதன் வழியே வெளியே தெரியும். பைப்பும் வாயும் ஒரு இஞ்சி விலகியிருந்தால் அதற்கென ஒதுக்குக் கொலர் கிடைக்கிறது. நேரான கொலரை வளைத்து இழுத்துப் பொருத்தினால் கசிவு நிச்சயம்.

கேள்வி: காற்றுக் குழாய் இல்லாமல் விட்டால்?

ஃப்ளஷ் பண்ணும்போது பைப்புக்குள் போகும் தண்ணீர் பின்னால் காற்றை இழுக்கும். காற்று வர வழியில்லை என்றால், பக்கத்துப் பேசினின் டிராப்பில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அந்த இரண்டு இஞ்சித் தண்ணீர்தான் டாங்கின் நாற்றத்தை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது. "களக் களக்" என்ற சத்தமும் பின்னால் வரும் மணமும் இதன் அடையாளம். இரண்டு இஞ்சிக் குழாயொன்றைக் கூரைக்கு மேலே கொண்டுபோங்கள், ஜன்னலுக்குப் பக்கத்தில் முடிக்காதீர்கள். நுனியில் நுளம்பு வலை கட்டாயம். செப்டிக் டாங்க் நுளம்புக்கு நல்ல இருப்பிடம். வெயில் படும் பி.வி.சி. நாளாக நொறுங்கும், அதனால் வெள்ளைப் பெயின்ற் ஒரு பூச்சு அடியுங்கள்.

கேள்வி: குளிக்கிற தண்ணீரையும் சமையலறைத் தண்ணீரையும் இதே லைனில் விடலாமா?

வேண்டாம். சவர்க்காரத் தண்ணீர் கூடினால் டாங்கில் கழிவு தங்கும் நேரம் குறையும், எண்ணெய் ஊறுகுழியின் மண்ணை அடைக்கும். அதற்கு வேறு லைன், வேறு குழி.

கேள்வி: கடையில் சரியான பெண்ட் இல்லை. மேசன் பைப்பை நெருப்பில் காட்டி வளைக்கலாம் என்கிறார்.

விடாதீர்கள். நெருப்பில் வளைத்த பைப்பில் வெளிப்பக்கச் சுவர் மெலியும், உட்பக்கம் மடிந்து சுருங்கும், வட்டமாக இருந்த வாய் முட்டை வடிவாகும். சொக்கட் இல்லாமல் பைப் வாயைச் சூடாக்கி விரிப்பதும் அப்படித்தான், கம் ஒரே அளவாகப் பிடிக்காது. ஒரு நாள் பொறுத்து வேறு கடையில் கேளுங்கள்.

கேள்வி: பி.வி.சி. கம் எப்படிப் போட வேண்டும்?

பைப்பை நேராக வெட்டி, உள்ளும் வெளியும் பிசிறை அரத்தால் எடுத்து, துடைத்துவிடுங்கள். கம் இல்லாமல் ஒருதரம் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்து, பைப்பிலும் பிட்டிங்கிலும் சேர்த்து ஒரு பென்சில் கோடு இழுங்கள். பிறகு இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, கோட்டுக்குக் கால் சுற்று விலக்கிச் சொருகி, திருகிக் கோட்டுக்குக் கொண்டுவந்து, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மத்தியானத்தில் கம் கண்ணெதிரே காய்ந்துவிடும், அதனால் காலையில் அல்லது நிழலில் செய்யுங்கள். ஈரமான பைப்பில் பூசவே வேண்டாம்.

கேள்வி: கிடங்கை மூட முன்னர் என்ன பார்க்க வேண்டும்?

டாங்குப் பக்க நுனியை அடைத்து, கொமோட் வரும் வாய் வரை தண்ணீர் நிரப்பி, ஒரு மணித்தியாலம் விடுங்கள். மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது. பிறகு அடைப்பைத் திறந்து, ஒரு வாளித் தண்ணீரோடு நனைந்த கடதாசி உருண்டைகளை விட்டு, மறுமுனையில் எல்லாம் வந்து சேர்கிறதா என்று ஒருவர் நின்று பார்க்கட்டும்.

டாங்குக்குள் நுழையும் இடத்தில் டீ இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் கீழ்வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறங்கி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே பாலாடைபோல மிதக்கும் கழிவு பைப் வாயை அடைக்கும். இதையெல்லாம் வெளியிலிருந்தே டோர்ச் அடித்துப் பாருங்கள். டாங்குக்குள் தலையை நீட்டவோ இறங்கவோ கூடாது, வெறுமையாகத் தெரிந்தாலும் கூடாது. உள்ளே தங்கும் வாயு ஒரு மூச்சில் ஆளை விழுத்தும், தூக்கப் போகிறவரையும் சேர்த்து.

திருப்பங்களில் திறந்து பார்க்கும் மூடி வைத்த பெண்டுகள் போட்டிருந்தால், மூடிகள் டைல்ஸுக்குக் கீழே மறையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, பைப் பக்கத்தில் ரேப்பை விரித்து வைத்து, சுவர் மூலை தெரியும்படி போனில் நாலைந்து படம் எடுத்து, வீட்டு உறுதியின் பிரதியோடு ஒன்றையாவது அச்செடுத்து வையுங்கள். அடுத்த முறை தரையை உடைக்கப் போகிறவருக்கு எங்கே உளியை வைப்பது என்று தெரியும்.